எங்கள் வீட்டுக்கு எந்தச் சட்டம்

என் அண்ணனுக்குச் சட்டத்தின் மேல் அபாரப் பற்று. சாயங்காலம் ஆனால் நெல்லித்தோப்பு வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சி விவாதத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். எல்லாருக்கும் ஒரே சிவில் சட்டமா, மதத்துக்கு ஒன்றா என்று அங்கே நான்கு பேர் கத்துவார்கள். ஐந்தாவது ஆளாக இவர் இங்கிருந்து கத்துவார்.

"ஒரே நாட்டுல இருந்துக்கினு உனுக்கு ஒரு சட்டம், எனுக்கு ஒரு சட்டமா? இன்னா நியாயம் இது?" என்று திரையில் இருக்கும் தாடிக்காரரைக் கேட்பார். தாடிக்காரர் இவருக்குப் பதில் சொல்ல மாட்டார். அதனால் தினமும் அண்ணன்தான் ஜெயிப்பார்.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. கணவர் இறந்தபிறகு மகளோடு அப்பா வீட்டு மாடிக்கே திரும்பி வந்தவள் நான். கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை. ஜீவனாம்சம், விவாகரத்து, பாகப்பிரிவினை என்று எல்லா மதத்துப் பெண்களின் அழுகையையும் ஒரே கீபோர்டில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தனித்தனிச் சட்டங்களை மூட்டை கட்டிக் கடலில் போட்டால் என்ன என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் டிவியில் மதத்துக்கு ஆபத்து என்று கத்துகிறவரையும், நாட்டுக்கு ஆபத்து என்று கத்துகிறவரையும் நிறுத்தி, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்ன எழுதி வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்துவிடும்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் ஓர் உயிலை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். மில்லில் உழைத்து அப்பா கட்டிய வீடு, முழுக்க மகனுக்கு. மகளுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டதாம்.

"தை பொறக்கட்டும், வேற எடம் பாத்துக்கோ. மாடிய வாடகைக்கு வுடணும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்வதுபோல் சொன்னார்.

படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டியவள் நான். அந்த ஆறு வருஷத்துக்கு நடுவில்தான் எப்போதோ உயிலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையில் பட்ட மையைத் துடைத்துவிட்டதும் அனேகமாக நானாகத்தான் இருக்கும். அன்றைக்கு மொட்டை மாடியில் துவைத்த துணியை எடுக்கப்போன இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வீடு போகிறதே என்று இல்லை, அன்றைக்குத்தான் எனக்கு அப்பா இல்லாமல் போனார்.

கடைக்கு வரும் வக்கீலம்மா ஒருவரிடம் உயிலைக் காட்டினேன். "சொந்த சம்பாத்தியம். இந்து வாரிசுச் சட்டப்படி எதிர்வீட்டுக்காரருக்குக்கூட எழுதி வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஊர் வழக்கப்படி ஒரு கேள்வி கேட்டார். "நீங்க ரெனோன்சான் குடும்பமா?"

இந்தக் கேள்வியை இந்தியாவில் வேறு எந்த ஊர் வக்கீலும் கேட்கமாட்டார். பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில், என் சாதி மதச் சட்டத்தைத் துறக்கிறேன், இனி எனக்கும் என் வம்சத்துக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் ரெனோன்சான்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா போட்டிருந்தார். கொள்கைக்காக இல்லை, மேரியில், அதாவது நகராட்சியில், குமாஸ்தா வேலைக்காக. காலையில் சட்டத்தைத் துறந்தார், சாயங்காலம் வழக்கம்போல் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனார் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். கையோடு ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார். அதை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஒழுங்காக உச்சரித்ததில்லை.

அந்தக் கையெழுத்து ரத்து ஆகாது என்றார் வக்கீலம்மா. பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், அப்பன் தன் இஷ்டத்துக்கு எழுதி வைக்கக்கூடியது சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமம். ஆக, அப்பாவே நினைத்தாலும் என் ஒரு பங்கைத் தொட முடியாது.

வழக்குப் போட்டேன். இரண்டு பக்கத்து வக்கீல்களும் சமரசம் பேச உட்கார்ந்தபோது அண்ணன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்திருந்தார். "நாங்க இந்துங்க சார். கோயிலுக்குப் போறோம், மொட்ட போடறோம். வெள்ளக்காரன் சட்டம் எங்களுக்கு எதுக்கு?"

நான் ஓர் அஃபிடவிட் நகலை மேஜையில் வைத்தேன். சில வருஷங்களுக்கு முன் அண்ணனுக்குப் பாரீசில் குடியேற ஆசை வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். 'நான் ரெனோன்சான் பரம்பரை. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது' என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். மனு திரும்பி வந்தது வேறு கதை. காசு மிச்சம் என்று அதை என்னிடம்தான் டைப் அடிக்கக் கொடுத்தார். 'மட்டுமே' என்ற சொல்லை அவர்தான் சேர்க்கச் சொன்னார்.

அவருடைய வக்கீல் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அண்ணனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் காபி வாங்கிக் குடித்தேன், நன்றாக இருந்தது. மாடியும் பின்கட்டும் என் பங்கு என்று எழுதிப் பதிவானது.

நான் ஜெயித்த சேதி தெருவில் பரவியது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து எங்கள் தெருவில் மீன் விற்கும் பெண் ஒருநாள் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"எப்படிக்கா ஜெயிச்ச? எங்கப்பனும் வூட்ட மொத்தமா தம்பிங்களுக்கு எழுதிட்டு செத்துட்டான். கடைசி வரைக்கும் நான்தான் பாத்தேன். எனுக்கும் அந்த வக்கீலம்மாவ காட்டு."

"ஒங்க கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரன்கிட்ட கையெழுத்து போட்டிருக்காரா?" என்று கேட்டேன். எனக்கே அந்தக் கேள்வி அசிங்கமாக இருந்தது.

"அவரு எங்க போட்டாரு. கட்டுமரத்துல கடலுக்குப் போயிருப்பாரு" என்று சிரித்தாள். "இப்ப நான் போயி போட முடியாதா?"

அந்தப் பதிவேட்டை உன் அம்மா பிறப்பதற்கு முன்னாலேயே மூடிவிட்டார்கள் என்று விளக்கினேன். அவள் சங்கரா மீனை எடைபோட்டபடியே முழுக்கக் கேட்டாள்.

"அப்ப நீ பொண்ணா ஜெயிக்கலக்கா" என்றாள். "அந்தக் கெழவருக்குக் கொள்ளுப்பேத்தியாத்தான் ஜெயிச்சிருக்க."

மீனை வாங்கிக்கொண்டேன்.