ஞாயிறன்று வராத மேகம்

விடுதியில் எல்லோரும் அவளை 'கிராஃப்' என்றுதான் கூப்பிட்டார்கள். காய்ச்சல் வந்தால்கூட மணிக்கு மணி அளந்து கோடு போட்டுப் பார்ப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறை. கூடப் படித்தவர்கள் வீட்டில் மல்லாந்து கிடக்க, இவள் மட்டும் கல்லூரி மொட்டைமாடியின் சோலார் பலகைகளுக்குக் காவல் இருந்தாள். இதற்குக் 'கோடைக்கால ஆராய்ச்சி' என்று பெயர். பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் தந்தால்தான் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்காகத்தான் இந்தத் தவம்.

பலகைகள் நாளை எவ்வளவு மின்சாரம் தரும் என்று இன்றே கணிக்க வேண்டும். அதுதான் வேலை. இரண்டாம் வாரத்தில் ஒரு விசித்திரம் தென்பட்டது. தினமும் மதியம் ஒன்று ஐந்துக்கு உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு தொப்பென்று விழும். இரண்டு மணிக்குச் சமர்த்தாக எழுந்து நிற்கும்.

"மேகம்மா! மதிய மேகம்!" பேராசிரியர் துள்ளிக் குதித்தார். "உலகத்துல இதை யாரும் எழுதலை!"

அவர் ஜன்னலைத் திறந்திருந்தால் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது தெரிந்திருக்கும். ஆனால் குளிர்சாதன அறையில் ஜன்னலைத் திறப்பது ஒழுங்கீனம். கடிதம் வேண்டுமே என்று அவளும் வாயைத் திறக்காமல், ஒரு மாதம் உட்கார்ந்து மேகத்துக்குச் சமன்பாடு எழுதினாள். பேராசிரியர் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்.

அப்புறம்தான் கவனித்தாள்: ஞாயிற்றுக்கிழமைகளில் மேகம் வரவில்லை. வார விடுமுறை போலும்.

திங்கள் மதியம் ஒன்று ஐந்துக்குக் கீழ்த்தளத்துக்கு ஓடினாள். பலகைகளின் மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர்கள் மூன்றும் அங்கே இருந்தன. ஒன்று அணைந்து கிடந்தது. அதன் அடியில் பெஞ்சு போட்டு, கல்லூரி எலக்ட்ரீஷியன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே! இதை யாரு அணைச்சது?"

"நான்தாம்மா. காதுகிட்ட ஙொய்யினு கத்துது, மனுஷன் கண்ணசர வேண்டாமா? மத்த ரெண்டும் ஓடுதுல்ல!"

"என் ஆராய்ச்சியே போச்சுண்ணே!"

"நான் தூங்குறதையா ஆராய்ச்சி பண்றே?" எழுந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோ. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப்போறேன், எனக்கென்ன பயம்?"

விஷயத்தைக் கேட்ட பேராசிரியர் கதவைச் சாத்தினார். "வெள்ளிக்கிழமை உன் ஆராய்ச்சியைக் கேக்க மின்வாரியத்துலேருந்து ஆள் வர்றாங்க, மேடையில நீதான் பேசணும். மேகம்னே சொல்லும்மா. கடிதத்துல ரெண்டு பக்கம் புகழ்ந்து எழுதுறேன்."

வெள்ளிக்கிழமை மேடையில் அவள் வரைபடத்தைத் திரையில் போட்டாள். முதல் வரிசையிலிருந்த மின்வாரியப் பொறியாளர் திரையைக் காட்டி, "இந்த மேகத்தை நம்பி நாங்க நாளைக்கு வேற இடத்துலேருந்து கரண்ட் வரவழைக்கலாமா?" என்று கேட்டார்.

பேராசிரியர் தலையைப் பலமாக ஆட்டினார். அவள் வரைபடத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். அது மேகமில்லை. தினம் மதியம் ஒரு இன்வெர்ட்டரை அணைச்சுடறாங்க. அதை நிறுத்தினா போதும்."

அரங்கம் சிரித்தது. பொறியாளர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். பேராசிரியருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

மறுவாரம் கடிதம் வந்தது. 'இந்த மாணவி நேரம் தவறாமல் வந்து சென்றார்' என்ற ஒற்றை வரி. போனில் வாசித்துக் காட்டியதும் அம்மா பொங்கினாள்.

"ரெண்டு மாசம் வெயில்ல காஞ்சதுக்கு இவ்வளவுதானாடி?"

"கையெழுத்தும் சீலும் இருக்கும்மா. எத்தனை வரின்னு விண்ணப்பத்துல கேக்கலை," என்றாள் கிராஃப், உறையை ஒட்டிக்கொண்டே.