டீ குடிக்கும் நேரத்தில் ஓர் அருவி

கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கல்வராயன் மலை தெரியும். ஆனால் அங்கே இருக்கும் அருவியை நான் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போட்டோ போடுகிறார்கள். எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அந்த அருவிக்கு அடியில் நின்று தலை நனைய வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் என்று நான் கேட்டதே இல்லை.

என் வீட்டுக்காரர் பழக்கடை வைத்திருக்கிறார். கடையை மூடினால் பழம் அழுகிவிடும் என்பது வருஷம் முழுக்க அவர் சொல்லும் காரணம். இந்த பக்ரீத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடையும் மூடியிருந்தது, பழமும் தீர்ந்திருந்தது. மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

"சரி, போவலாம். ஆனா செலவு கம்மியா இருக்கணும், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

கம்மி என்றால் எவ்வளவு கம்மி என்பது காலையில்தான் தெரிந்தது. பெருநாள் கறி வறுவல், சப்பாத்தி, பிஸ்கட், இரண்டு பெரிய கேன் நிறையத் தண்ணீர். அருவிக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போன முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். நாங்கள் ஏறிய பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எனக்கும் ஏழாவது படிக்கும் மகளுக்கும் இலவசம். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு எங்கள்மேல் தனி மரியாதை.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. ஒரு வளைவில் மகள் "அம்மா, அருவி!" என்று கத்தினாள். ரோட்டோரத்திலேயே வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்தே விட்டேன்.

"ஒக்காரு. மேல வெள்ளிமலை வரைக்கும் போய்க்கினு வருவோம். திரும்பும்போது எறங்கிக்கலாம்" என்றார்.

வெள்ளிமலையில் இறங்கியதும் அவர் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. ஓர் அம்மா மரத்தடியில் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்புவது என் வீட்டுக்காரர் பரம்பரையிலேயே இல்லாத பழக்கம். கல்யாணத்துக்குப் போனாலும் வரும் வழியில் நாலு தார் வாழை விலை பேசி வாங்கிக்கொண்டுதான் வருவார். ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், குறை சொன்னார், போவதுபோல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஒரு தூக்கமும் போட்டாகிவிட்டது. பேரம் முடியவில்லை.

பழக்கார அம்மா என்னைப் பார்த்து, "சுத்திப் பாக்க வந்தீங்களா, யாவாரத்துக்கு வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஒன்பது பலாப்பழங்களோடு பஸ் ஏறினோம். எனக்கு இல்லாத டிக்கெட் பலாப்பழத்துக்கு இருந்தது, லக்கேஜ் என்று. "அப்போ அருவி?" என்று கேட்டேன். அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். அருவிக்குப் பக்கத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துவாராம், கண்டக்டரிடம் பேசிவிட்டாராம்.

"பத்து நிமிசம். அதுக்குள்ள நனைஞ்சிட்டு ஓடியாந்துடு. நா பழத்தப் பாத்துக்கினு இருக்கேன்."

பதினாறு வருஷ ஆசைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கிய தாராள மனசை நினைத்துக்கொண்டே இறங்கினேன். நாலு நாள் பெய்த மழையில் பாறையெல்லாம் வழுக்கியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகள் கையைப் பிடித்து, பெண்கள் குளித்துக்கொண்டிருந்த பக்கம் போய்ச் சேரவே ஏழெட்டு நிமிஷம் ஓடிவிட்டது. சாரல் முகத்தில் பட்டது. தலை இன்னும் நனையவில்லை. அதற்குள் ஹாரன் அடித்தது.

ஜன்னலிலிருந்து அவர் தலை நீண்டது. "பஸ்ஸு கெளம்புது! சீக்கிரம் வா!"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அருவியைப் பார்த்தேன். "அடுத்த பஸ்ஸுல வர்றோம்!" என்று கத்தினேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

கண்டக்டர் விசில் கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார். எங்களைப் பார்த்தார். காலடியில் கிடந்த பழங்களைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். பஸ் வளைவில் திரும்பிப் போய்விட்டது.

"அத்தா போயிட்டாரும்மா" என்றாள் மகள்.

சுர்ரென்று கோபம் வந்தது. பலாப்பழத்தைவிடக் கீழாகப் போய்விட்டேனே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அப்படியே போய் அருவிக்குக் கீழே நின்றேன். உச்சந்தலையில் தொம்மென்று விழுந்தது பாருங்கள், மூச்சு நின்றுவிட்டது. அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. மகள் கூச்சல் போட்டாள். நானும் போட்டேன். வாய்விட்டுக் கத்தி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நேரமாச்சு என்று சொல்ல ஆளில்லை, கூப்பிட ஆளில்லை. விரல் சுருங்கும்வரை நின்றோம். அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம்.

ஈரப் புடவையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் பழங்களைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ நேரம் எங்க போயிருந்த?" என்றார்.

"டூர் போயிருந்தேன்" என்றேன்.