பொகவந்தலாவையில் வெடிக்காத துவக்கு

கடந்த பெப்ரவரியில் என் மனைவியின் தம்பி சசி, ஒன்பது வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்திறங்கினான். கைத்தொலைபேசி நிறைய மான் வேட்டைப் படங்கள். அதே வாரம் பொகவந்தலாவையிலிருந்து என் மாமனார் அழைத்தார். காட்டுப்பன்றிகள் உருளைக்கிழங்குப் பாத்திகளைக் கிளறிவிட்டனவாம். "தம்பியையும் கூட்டிட்டு வாங்க மாப்பிள்ள" என்றார். இந்தப் பயணம் அப்படித்தான் அமைந்தது.

மாமா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல் டிவிஷனுக்கு அப்பால் சொந்தமாகக் கொஞ்சம் மரக்கறிக் காணி வைத்திருக்கிறார். பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பழைய துவக்கும், அதாவது நாட்டுத் துப்பாக்கியும், உண்டு. குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டிக் கெட்டிக்கும் ரகம். ஒன்பது வருடமாக, கடையைப் பூட்டிவிட்டு ஹட்டனிலிருந்து அந்தக் காணிக்குக் காவல் போனவன் நான். இப்போது மாமா வாய் ஓயாமல் பேசுவது சசியின் மானைப் பற்றி. வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறினோம். நோர்வூட் வழியாக ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகள் அதிகம், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வலது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், காசல்ரீ நீர்த்தேக்கம் கூடவே வரும். எங்களுக்கு அந்த ஜன்னலோரம் கிடைத்தது. உட்கார்ந்தது சசி.

அவன் பேச்சைக் கேட்க கண்டக்டர்கூட எங்கள் சீட்டில் சாய்ந்துகொண்டார். "அங்க சில எடங்கள்ல, வாய் வழியா கெட்டிக்கிற துவக்குக்குன்னே தனி சீசன் இருக்குண்ணே. முன்னாலருந்து கெட்டிக்கணும், அம்புட்டுதான் சட்டம். கம்பெனிக்காரன் என்ன பண்ணான்? வாயை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் மாத்திட்டான்."

"வெடிச்சா கண்ணு தெரியாம பொகையுமே?" என்றார் கண்டக்டர்.

"பொகையே வராது. மருந்தே வேற. இருநூறு யார் தூரத்துல நிக்கிற மானு, துவக்கு மேல பூட்டுன கண்ணாடியில பக்கத்துல தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆனா அத்தான், அதுல முக்கியமானது என்னன்னா..."

நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன். இதற்கு மேல் கேட்டால் பஸ்ஸிலிருந்து குதித்துவிடுவேன் என்று தோன்றியது. அதோடு, புகையில்லாத மருந்து பற்றி அவன் வந்த அன்றே வீட்டில் சொல்லியிருந்தான். வெடிக்கும்போதெல்லாம் மாமாவுக்குக் கரிமருந்துப் புகையில் இளைப்பு வந்துவிடும். மகன் படம் காட்டுவான், மருமகன் பொருளைக் கொண்டுவந்து வைப்பான் என்று நினைத்துக்கொண்டு, துவக்கு அனுமதி உள்ள ஒரு நண்பரை நச்சரித்து, அவருடைய தோட்டாக்களைப் பிரித்து வாங்கிய மருந்து என் பைக்குள் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. நண்பர் தயங்கினார். நான் விடவில்லை.

பொகவந்தலாவை பஜாரில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். மேல் டிவிஷனுக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய் கொடுத்தேன். பாதை மோசம், பேரம் பேசினால் பலனில்லை. அங்கே இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். மாமி கோழி சமைத்திருந்தார். தொடைக்கறி யார் தட்டில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமா கை கழுவப் போன நேரத்தில் அவருடைய கரிமருந்துப் போத்தலைக் காலி செய்து, என்னுடையதை ஊற்றி வைத்தேன். வெடித்து முடிந்ததும் "எப்படி மாமா, புகை வந்ததா?" என்று கேட்கத் திட்டம். சசியின் முகம் அப்போது எப்படிப் போகும் என்று பல தடவை கற்பனை செய்து பார்த்துவிட்டேன்.

இருட்டுக் கட்டும் நேரத்தில் காணிக்குப் போனோம். தேயிலைக்குக் கீழே, ஓடைப்பக்கம் பன்றிகளின் உறுமல் கேட்டது. துவக்கைத் தொடும் உரிமை பத்திரக்காரருக்கு மட்டும் என்பதால் மாமாதான் கெட்டிக்க வேண்டும். சசி டோர்ச் பிடித்தான். மாமா மருந்தை உள்ளங்கையில் கொட்டினார்.

"அப்பா, நில்லுங்க."

சசி குனிந்து பார்த்தான். விரலால் தேய்த்தான், முகர்ந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"மருந்து நனைஞ்சிருச்சுப்பா. இன்னைக்கு வேணாம்" என்று சொல்லி அவர் கையிலிருந்ததை மண்ணில் தட்டி, போத்தலையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

மாமா முணுமுணுத்தார். தகரம் தட்டினோம், கூச்சல் போட்டோம். பன்றிகள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. திரும்பும்போது மாமாவை முன்னால் போகவிட்டு, லயத்து வீடுகளின் தண்ணீர்ப் பீலியடியில் சசி என்னை நிறுத்தினான். போத்தலிலிருந்த மருந்தைத் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டியபடியே, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"பஸ்ஸுல நான் சொன்னத நீங்க கேக்கவே இல்லயா அத்தான்?"

"எத?"

"மருந்து மட்டும் மாறல. இரும்பே வேற. இந்த மருந்து தர்ற அழுத்தத்தத் தாங்குற மாதிரி குழாயையும் அடிப்பக்கத்தையும் புதுசாச் செஞ்சிருக்கான். அப்பாவோட துவக்குல இதப் போட்டா குண்டு முன்னால போகாது. குழா கிழிஞ்சு அவரு மொகத்துலதான் வரும்."

நான் பீலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மாமா எப்போதும் துவக்கைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துத்தான் வெடிப்பார். சசி கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு நடந்தான். பொறுமையில்கூட அவன்தான் பெரியவன் என்பது அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. நல்ல சட்டை வேறு.

காலையில் போய்ப் பார்த்தால் மூன்று பாத்தி உருளைக்கிழங்கு போயிருந்தது. ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிடும்போது மாமா மகனைப் பிடித்துக்கொண்டார். "கனடா போயி பயந்தாங்கொள்ளி ஆயிட்டான். நனைஞ்ச மருந்தாம்! நேத்து மாப்பிள்ள கையில டோர்ச் இருந்திருந்தா ஒரு பன்னியாவது சாஞ்சிருக்கும். என்ன மாப்பிள்ள?"

ஒன்பது வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அதுதான். சசி தலை நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நானும் ரொட்டியைப் பார்த்தபடி "ம்" என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெப்ரவரியில் மழை குறைவு, ஆனால் விடியற்குளிர் கடுமை. தடித்த சுவெட்டர் ஒன்று போதாது. திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வையுங்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். தோட்டத்துக்குள் நடப்பதென்றால் அனுமதி கேளுங்கள். யார் வீட்டிலாவது பழைய வாய்வழித் துவக்கு இருந்தால், அதற்குரிய கரிமருந்தைத் தவிர வேறு எதையும் அதன் பக்கத்தில்கூட வைக்க விடாதீர்கள். தோட்டா மருந்து வேறு, அது வேறு. அதோடு, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "முக்கியமானது என்னன்னா" என்று தொடங்கினால், அவரை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முழுதாகக் கேளுங்கள்.

சசி போன மாதம் திரும்பிப் போய்விட்டான். போவதற்கு முன் மாமாவின் புதிய கைத்தொலைபேசியில் இந்த வலைப்பதிவைத் திறந்து படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான். இப்போது அவர் ஒன்றையும் விடுவதில்லை என்று மாமி சொன்னார்.

மாமா, அந்த மருந்து நனையவில்லை. மாற்றி வைத்தது நான். உங்கள் மகன் பயந்தாங்கொள்ளி இல்லை.