ஜமால் பாய் போட்டுக் கொடுத்த நிழல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. இத்தனை நாள் நான் இந்த இணையப் பக்கத்தில் அடித்த நக்கல் எல்லாம் பக்கத்து வீட்டு ஜமால் பாயின் மாடியில் இருக்கும் வயர்லெஸ் பெட்டியின் புண்ணியம். அதற்குப் பாஸ்வேர்டு இல்லை.

பாயிடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவர் அதை வாங்கிய அன்று, "வெறுங்காத்துக்கா மாசாமாசம் காசு கட்டப் போறீங்க பாய்?" என்று தெருவே சிரிக்க ஓட்டியவன் நான்.

எங்கள் கொல்லையில், சுவர் ஓரமாக மட்டும்தான் சிக்னல் வரும். துபாயில் இருக்கும் மகன் கேமராவில் முகம் காட்டுவதும் அங்கேதான். லேப்டாப்பும் நானும் வெயிலில் காய்வோம்.

இன்று காலை பாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, தெனம் வெயில்லயே உக்காந்திருக்கீங்க?"

"உள்ள ஒரே புழுக்கம் பாய். இங்கதான் கொஞ்சம் காத்து வருது."

"யா அல்லா! மண்டை காஞ்சிருமேண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மதியத்துக்குள் ஆளைக் கூட்டி வந்து, சுவரிலிருந்து எங்கள் பக்கமாகத் தகரக் கூரை இறக்கிவிட்டார். "இனி நிம்மதியா உக்காருங்கண்ணே" என்று டீயும் கொடுத்தார்.

பிறந்த பேத்தியை இன்று சாயங்காலம் முதல் தடவையாகக் காட்டுகிறேன் என்று மகன் சொல்லியிருக்கிறான். இதைப் பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். தகரத்தைக் கழற்றச் சொல்ல மரியாதையான காரணம் ஏதாவது இருந்தால் உடனே எழுதுங்கள்.

நிழல் நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரி புதுச்சேலை கட்டி அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறாள். சிக்னல் வரவில்லை.