பதவியைத் துறந்தவர் என்று நான் எழுதிய பிரபு

நான் வரலாறு படித்தவள் என்று சொன்னால், அமெரிக்காவில் நாங்கள் இருந்த ரிச்சர்ட்சனில் யாருக்கும் அடுத்த கேள்வி கேட்கத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே இருந்த தமிழர்கள் பெரும்பாலும் தொலைத்தொடர்புக் கம்பெனிக்காரர்கள். என் கணவரும் அப்படித்தான். எனக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டு வந்தவள், இங்கே பகல் முழுக்க அபார்ட்மெண்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

எம்ஃபிலுக்கு நான் எடுத்துக்கொண்டவர் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபு ஒருவர். இரண்டாவது மகனாகப் பிறந்து, அண்ணன் அம்மை கண்டு இறந்ததால் பட்டத்துக்கு வந்தவர். இளம் வயதில் பாராளுமன்றத்தில் அரசரின் வரிகளை எதிர்த்துப் பேசினார். பிறகு அதே அரசர் கூப்பிட்டதும் ஆலோசனை சபையில் போய் உட்கார்ந்தார். அரசு முத்திரையைக் காக்கும் பெரிய பதவி அவருக்கு வந்தது. உள்நாட்டுப் போர் நெருங்கியபோது மனசாட்சி ஒப்பாமல் முத்திரையை அரசரின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். வயதான காலத்தில் அவரே எழுதிவைத்த குறிப்பில் இப்படித்தான் இருந்தது. அந்த ஒரு காட்சிக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் அவரைப் பற்றி இருந்ததோ இரண்டே புத்தகங்கள்.

ரிச்சர்ட்சன் பல்கலைக்கழக நூலகத்தில் வெளியாட்களுக்கும் ஒரு கார்டு கொடுத்தார்கள். கணவர் ஆபீஸ் போகும் வழியில் காலையில் என்னை இறக்கிவிடுவார். அங்கே இல்லாத புத்தகத்தை வேறு மாநிலத்திலிருந்துகூட வரவழைத்துத் தந்தார்கள். பிரபுவின் குடும்பக் கடிதங்கள் அச்சான தொகுதி ஒன்று இருப்பது அடிக்குறிப்பு ஒன்றில் கண்ணில் பட்டது. எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது.

அதில் அவர் வீட்டுக் காரியஸ்தர், ஊரிலிருந்த பிரபுவின் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று. காலையில் அரசரின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், எஜமானர் கால்வலியோடு படுத்திருந்தார், முத்திரைப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், எஜமானர் அதற்கு முன் ஒரு வாரமாகவே யாரையும் பார்க்கவில்லை. இவ்வளவுதான் செய்தி. அடுத்த நான்கு கடிதங்கள் பிரபுவே எழுதியவை. பதவியைத் திரும்பக் கேட்டு, ஒவ்வொருவராகப் பிடித்துக் கெஞ்சியிருந்தார்.

அவர் துறக்கவில்லை. துரத்தப்பட்டார். நாற்பது பக்கத்துக்கு அவர் மனசாட்சியைப் புகழ்ந்து எழுதியிருந்த எனக்கு முகமெல்லாம் சூடேறியது. அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் பெரிது. ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே நம்பி எழுதி, அதற்குப் பட்டமும் வாங்கியிருக்கிறேன். என் கல்லூரி வேலையை விட்டபோது நானும் “சொந்தக் காரணங்களுக்காக” என்றுதான் எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னது மாப்பிள்ளை வீடு.

அன்று மாலை காரில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“செத்து முந்நூறு வருஷமாச்சு. அவர் ரிசைன் பண்ணா என்ன, தூக்குனா என்ன? நீ பேசாம ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணு. சர்ச்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க.”

“நான் எழுதினது தப்புங்க,” என்றேன்.

“யாரு படிக்கப் போறா?” என்றார். கேலியில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

பாளையங்கோட்டையில் இருந்த என் ஆய்வு வழிகாட்டிக்குக் கடிதப் பக்கங்களை நகலெடுத்து அனுப்பினேன். ஆய்வேட்டோடு ஒரு திருத்தமும் சேர்த்து வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது. பட்டம் கொடுத்து முடிந்த விஷயம், இனி அதைத் தோண்டினால் கல்லூரிக்குத்தான் கெட்ட பெயர் என்று எழுதியிருந்தார். குழந்தை உண்டா என்றும் விசாரித்திருந்தார். அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன்.

திருத்தத்தை நானே எழுதினேன். பதினெட்டு பக்கம். இரண்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பினேன். ஒன்று பதிலே போடவில்லை. மற்றொன்று நான் எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவள் என்று கேட்டு எழுதியது. எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராதவள் என்று எழுதினேன். அத்தோடு சரி. மகள் பிறந்தாள். கிரீன் கார்டு வந்தது. நானும் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணி ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

இரண்டாயிரமாவது வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் ஊரிலிருந்து ஃபோன் வந்தது. பேசியவள் என் பழைய கல்லூரியில் எம்ஃபில் முடித்த பெண். என் வழிகாட்டிதான் அவளுக்கும் வழிகாட்டி; அவர்தான் நம்பர் கொடுத்தாராம். அதே பிரபுவின் மதக் கொள்கையைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

“உங்க தீசிஸை வச்சுத்தான் மேடம் மொத்தமும் எழுதினேன். வைவால அந்த ராஜினாமா சாப்டரைத்தான் ரொம்பப் பாராட்டினாங்க. தேங்க்ஸ் சொல்லணும்னு தோணுச்சு.”

அது தப்பும்மா, அவர் ராஜினாமாவே பண்ணலை என்றேன். நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்டேன்.

“கேக்குது மேடம்,” என்றாள். “சார் ஒண்ணும் சொல்லலையே.”

அடுத்து பிஎச்டிக்கும் அவரையே எடுக்கப்போவதாகச் சொன்னாள். தாராளமாக எடு, முதலில் நான் அனுப்புவதைப் படி என்று சொல்லி, கடிதங்களின் நகலையும் என் பதினெட்டு பக்கங்களையும் திங்கட்கிழமையே தபாலில் சேர்த்தேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வருவாள், ஒருத்தியாவது இதைப் பற்றி என்னோடு வாதாடுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பிஎச்டியில் சேர்ந்துவிட்டாளாம். தலைப்பைத் திருநெல்வேலி நகராட்சியின் வரலாறு என்று மாற்றிக்கொண்டாளாம். காரணம் எதுவும் எழுதவில்லை; நான் அனுப்பிய பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.