சீலிங் போட வந்தவர் கட்டிலில் படுத்தார்

போன வருடம் சித்திரை வெயிலில், திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் பள்ளி ஆசிரியை. என் கணவர் உப்பிலியபுரம் ரூட்டில் பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டில் வந்த கட்டி அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

உள் அறையில் கிடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. “என்னை வாசல்ல போடு. ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று தினமும் கேட்டார். வாசலில் இருந்ததோ தகரக் கூரை. பகலில் அதன் கீழே நிற்கவே முடியாது. அடியில் ஜிப்சம் போர்டு சீலிங் போட்டால் சூடு இறங்காது என்றார்கள். ஈரம் தாங்கும் போர்டாக வாங்கி, பாலக்கரையிலிருந்து சீலிங் வேலை செய்யும் ஒரு பாயை வரச் சொன்னேன்.

கம்பிச் சட்டம் கட்டி முடித்த அன்று, “சார் கட்டில் எங்க வரும் டீச்சர்? தலை எந்தப் பக்கம்?” என்று கேட்டார் பாய். காட்டினேன். வீட்டில் சும்மா கிடந்த ஒரு கட்டிலை அங்கே இழுத்துப் போட்டு, அவரே மல்லாந்து படுத்தார். கை காலை அசைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எழுந்தபோது முகம் வாடியிருந்தது. “இது சரிப்படாது டீச்சர். படுத்திருந்தா கீழ காம்பவுண்டு சுவர் மறைக்குது, மேல நம்ம சீலிங் மறைக்குது. முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டிடுறேன். கட்டிலுக்கும் கட்டை குடுத்து உயர்த்திடுவோம்.”

கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினார். ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், “எத்தனையோ பேர் வந்து என்னைப் பாத்தாங்க. நான் என்ன பாக்குறேன்னு இவருதான் பாத்திருக்காரு” என்றார். கண் ஓரம் வழிந்தது. நான்தான் துடைத்துவிட்டேன்.

போர்டு ஏறியது. இணைப்புகளில் பூசிய பட்டி மாவு காய்ந்ததும் தேய்க்க வேண்டும். அதற்குள் என் கணவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. “தேய்ச்சா தூசி பறக்கும், சாருக்கு ஆகாது. அப்படியே இருக்கட்டும். முதல்ல அவரை வெளிய கொண்டு வருவோம்” என்று பாயே தரையைக் கழுவிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் கைகொடுக்க, தூக்கி வந்து படுக்க வைத்தோம்.

ஒரு வாரம்கூட அவர் அங்கே இருக்கவில்லை. ஆனால் இருந்த நாளெல்லாம் ஸ்கூல் வேன், பால் வண்டி, டவுன் பஸ் என்று போகிற வண்டிகளைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிரேக் சத்தம் கேட்டால், “தேஞ்சு போச்சு, மாத்தாம ஓட்டுறான்” என்று கோபம் வேறு. கடைசி நாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். “பஸ் வருது, கொஞ்சம் நகரு” என்றார். நகர்ந்தேன். பஸ் கடந்து போனது. திரும்பி ஸ்பூனை நீட்டினேன். அவர் வாய் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாய் வந்தார். நிமிர்ந்து சீலிங்கைப் பார்க்காமலே, “தேய்ச்சு பெயின்ட் அடிச்சுக் குடுத்துடவா டீச்சர்?” என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் தேய்க்கத் தேய்க்க வாசலெல்லாம் வெள்ளைத் தூசி பறந்தது. இனி இந்தத் தூசிக்குப் பயப்பட இங்கே யாரும் இல்லையே என்று நினைத்தபோதுதான், அத்தனை நாளும் வராத அழுகை வாய்விட்டு வந்தது. பாய் வேலையை நிறுத்திவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தார்.

இப்போதெல்லாம் நோயாளி யாரையாவது பார்க்கப் போனால் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர்கள் தலைமாட்டில் குனிந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.