பத்திரிகை வைத்த வீடு

எனக்கு எதிலும் பதற்றம் ஜாஸ்தி. பஸ் பத்து நிமிடம் தாமதமானால், விபத்துதான் என்று முடிவே கட்டிவிடுவேன். அப்படிப்பட்டவளைத்தான் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சங்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் போல எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து நடத்திய சங்கம் அது.

மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் மூன்று சீட்டுகள் கொடுப்போம். தொற்று இருந்தும் மருந்துப் பக்கமே வராத யாரையாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் கையில் சீட்டைச் சேர்க்க வேண்டும். அதில் ஆளின் பெயரும் இருக்காது, நோயின் பெயரும் இருக்காது. ஓர் எண்ணும் எங்கள் முகவரியும் மட்டும்தான். நாங்களே தேடிப் போனால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். போனிலும் யாராவது ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது என்று, சீட்டுக்குப் பத்திரிகை என்று பெயர் வைத்தேன். "பத்திரிகை வெச்சாச்சு" என்றால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். இந்த யோசனையில் எனக்குப் பெருமை வேறு.

காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து, கணவனை இழந்த ஒரு பெண் மாதாமாதம் எங்களிடம் வருவாள். அவளுடைய ஓர்ப்படிக்கு, அதாவது கொழுந்தன் மனைவிக்கு, எட்டாவது மாதம். சிதம்பரத்தில் ரத்தம் பார்த்தபோது தொற்று இருப்பது தெரிந்துவிட்டது. உடனே மருந்து ஆரம்பித்தால் பிள்ளைக்குப் போகாமல் தடுக்க வழி இருந்தது. ஆனால் மாமியாருக்குத் தெரிந்தால் வீட்டை விட்டே துரத்திவிடுவார் என்று பயந்து, அந்தப் பெண் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை.

"பத்திரிகை வெச்சுட்டேங்க்கா, வியாழக்கெழம வரேன்னா" என்று மூத்தவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள்.

வியாழன் போனது. வெள்ளி, சனியும் போயின. எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளை நமக்காகக் காத்திருக்குமா? திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் அந்த வீட்டில் இருந்த ஒரே செல்போனுக்கு அடித்தேன். மாமியார் எடுத்தார்.

பேசாமல் வைத்திருக்கலாம். "பத்திரிகை வெச்சிருந்தோம்மா. உங்க சின்ன மருமக விசேஷத்துக்கு வரலியேன்னு..." என்று உளறினேன்.

"எந்த ஊட்டு விசேஷம்? எங்கிட்ட யாரும் சொல்லலியே! பத்திரிகை வெச்சும் போவலன்னா, நாளைக்கு நம்ம ஊட்டுக்கு யாரு வருவாங்க? இரும்மா, எங்க வெச்சான்னு தேடிப் பாக்குறேன்."

போனை வைத்துவிட்டார். வீடு முழுக்கத் தேடி, சீட்டு அகப்பட்டு, அந்தப் பெண்ணைப் பெட்டியோடு வாசலில் நிறுத்துகிற காட்சிதான் கண்ணுக்குள் ஓடியது. ஒரு குடும்பத்தையே நாசம் பண்ணிவிட்டேன் என்று அழுதேன்.

புதன்கிழமை காலையில் ஒரு அம்மா அறைக்குள் வந்து, மேஜைமேல் எங்கள் சீட்டை வைத்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"பொடவைக்கு அடியில இருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். பெரியவ மாசாமாசம் வர்ற எடம் இதானே?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"எம் பெரிய மவன் எதுல போனான்னு எனக்குத் தெரியாதா? அவளா சொல்லட்டும்னு நான் இருந்தேன், நானா கேக்கட்டும்னு அவ இருந்துட்டா. சின்னவ வெளியில குந்தியிருக்கா. உள்ள வர பயப்படுறா. வவுத்துப் புள்ளையக் காப்பாத்த முடியுமா, அத மட்டும் சொல்லு."

"இன்னிக்கே ஆரம்பிச்சா முடியும்மா" என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"சின்ன மவனுக்கும் ஒரு பத்திரிகை குடு. நான் வெச்சா வருவான்."

சிகிச்சையில் இருப்பவர்களிடம் மட்டும்தான் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவனுக்கு இப்படி ஒண்ணு யாரும் வெக்கலியேம்மா" என்றார்.